பள்ளி மைதானத்திலிருந்து கல்லூரி அணிக்கு

2023 ஜூனில் டெல்லி, போபால், குவாலியர் ஆகிய ஊர்களில் தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. தமிழ்நாட்டிலிருந்து போயிருக்க வேண்டிய ஏறக்குறைய 250 மாணவ மாணவியர் போகவில்லை. போட்டி நடக்கும் தகவலே அவர்களுக்கு உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. கடிதம் அலுவலகத்தோடு நின்றுவிட்டது. செய்தி வெளியானபோது சில பதக்கங்கள் கைநழுவிவிட்டதாகப் பலர் வருத்தப்பட்டார்கள். அந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பிள்ளைகளின் வீடுகளில் கவலை வேறாக இருந்திருக்கும். தேசியப் பள்ளிப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடியதற்கான சான்றுதான் தமிழ்நாட்டு அரசு வேலை ஒதுக்கீட்டில் ‘படிவம் 4’. கல்லூரிச் சேர்க்கையிலும் அதற்கு மதிப்பு உண்டு. ஆறாம் வகுப்பில் தொடங்கிய ஓட்டமெல்லாம் ஒரு தாளாக மாற வேண்டிய வேளையில் அந்தத் தாள் வரவில்லை.

பள்ளி வயதில் தன்னை விளையாட்டுக்குக் கொடுத்துவிட்ட பிள்ளைக்குக் கல்லூரி என்ன தருகிறது, பதிலுக்கு என்ன எடுத்துக்கொள்கிறது என்பதே இங்கே ஆராய வேண்டியது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏழை வீட்டுப் பிள்ளைகளைக் கல்லூரிக்குள் கொண்டுவந்ததில் நம் விளையாட்டு ஒதுக்கீடு பெரிய காரியம் செய்திருக்கிறது. உள்ளே வந்தவர்களை வீரராகவும் மாணவராகவும் வளர்த்தெடுப்பதில் பெரும்பாலும் தவறியிருக்கிறது. வாசல்வரை கைபிடித்துக் கூட்டி வந்துவிட்டு, உள்ளே போனதும் கையை விட்டுவிடுகிறோம்.

பிளஸ் டூ என்னும் தடை

அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளையின் கால் வேகத்தை முதலில் கவனிப்பவர் உடற்கல்வி ஆசிரியர். குறுவட்டப் போட்டி, வருவாய் மாவட்டப் போட்டி, பிறகு மாநிலப் போட்டி என்று படிகள் போகின்றன. குடியரசு தினம், பாரதியார் தினம் ஆகியவற்றின் பெயரில் நடக்கும் இந்தப் போட்டிகளில் 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என மூன்று பிரிவுகள். இப்போது முதலமைச்சர் கோப்பையும் பெரிய அளவில் சேர்ந்திருக்கிறது. நன்றாக ஆடும் பிள்ளைக்குத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கலாம். 7, 8, 9, 11 ஆகிய வகுப்புகளில் சேர்க்கை. முட்டை, பால், காலணி, பயிற்சியாளர் எல்லாம் ஒரே கூரையின்கீழ் கிடைப்பது அங்கேதான். கூலி வேலைக்குப் போகும் வீடுகளுக்கு அது எத்தனை பெரிய நிம்மதி என்பதை அந்த வீட்டாரைக் கேட்டால் தெரியும்.

விடுதியில் இடம் கிடைக்காத பிள்ளையின் நாள் அதிகாலை 5 மணிக்குத் தொடங்குகிறது. மாவட்ட விளையாட்டரங்கில் ஐந்தரைக்கு வார்ம் அப், ஏழரைக்கு முடிவு. சீருடை பையிலேயே இருக்கும். கேலரிக்குப் பின்னால் உள்ள குழாயில் முகம் கழுவிவிட்டு அப்படியே பள்ளிக்கு பஸ். மாலை நான்கரைக்கு மீண்டும் கிரவுண்ட். வீட்டுப்பாடத்தின் முன்னால் உட்காரும்போது கண் சொருகும். ஸ்பைக்ஸ் பிய்ந்தால் செருப்புத் தைப்பவரிடம் போகும். அவர் ஆணி தட்டும் இடத்தில் அதன் முள்ளைப் பார்த்துவிட்டுச் சிரிப்பார். அக்காவோ அண்ணனோ ஓடிய ஸ்பைக்ஸை நுனியில் பஞ்சு வைத்துப் போட்டுக்கொண்டு மாவட்டப் போட்டியில் ஓடும் பிள்ளைகள் இன்றும் உண்டு.

பத்தாம் வகுப்புவரை இந்த ஓட்டத்துக்கு வீட்டில் பெரிய எதிர்ப்பு இருக்காது. பதினொன்றில் தொடங்குகிறது தொல்லை. காலை ஸ்பெஷல் கிளாஸ், மாலை டெஸ்ட், ஞாயிறு ட்யூஷன். உடற்கல்வி பீரியடைக் கணக்கு டீச்சர் கடன் வாங்குவார். அந்தக் கடன் எந்தப் பள்ளியிலும் திரும்பி வந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. பதினேழு வயது என்பது தொடை எலும்பும் தசையும் கடும் பயிற்சியைத் தாங்கத் தயாராகும் பருவம். சரியாக அந்த இரண்டு ஆண்டுகளில்தான் நாம் பிள்ளைகளை மைதானத்திலிருந்து இழுத்துக்கொள்கிறோம். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகும் மைதானத்தில் நிற்கிற பிள்ளை, விளையாட்டில் எவ்வளவு திறமை உள்ளதோ அவ்வளவு பிடிவாதமும் உள்ள பிள்ளை.

இரண்டு வகை இடம்

விளையாட்டு வழியாகக் கல்லூரிக்குள் போக இரண்டு பாதைகள் இருக்கின்றன. இரண்டையும் ‘ஸ்போர்ட்ஸ் கோட்டா’ என்ற ஒரே பெயரில் அழைப்பதால் குழப்பம் வருகிறது.

முதலாவது, அரசு கலந்தாய்வில் ஒதுக்கப்படும் இடம். பொறியியலில் 500 இடங்கள், எம்.பி.பி.எஸ்.ஸில் 7, பல் மருத்துவத்தில் 1. சான்றிதழ்களுக்கு மதிப்பெண் போட்டுத் தரவரிசை தயாராகும். இந்த இடம் பிள்ளை இதுவரை செய்ததற்கான பரிசு. இனிமேல் ஆடு என்று யாரும் கேட்பதில்லை. பொறியியல் கல்லூரியில் மாலை நான்கரை வரை லேப். விடுதி ஊருக்கு வெளியே. மைதானம் பெரும்பாலும் விளம்பரப் புகைப்படத்துக்கு. முதல் செமஸ்டரில் இரண்டு அரியர் விழுந்ததும் ஸ்பைக்ஸ் பரணுக்குப் போய்விடும். மாநில அளவில் பதக்கம் வாங்கிய பிள்ளை, அந்தப் பதக்கத்தால் கிடைத்த இடத்தினாலேயே விளையாட்டை விடுகிறது. இது தெரிந்தே சில பெற்றோர், கூட்டம் குறைவான ஆட்டம் எது என்று விசாரித்து அதில் பிள்ளையைச் சேர்க்கிறார்கள். அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. அரசு எதற்கு மதிப்பெண் போடுகிறதோ அதைத்தான் குடும்பம் தேடும்.

பொறியியலும் விளையாட்டும் சேர்ந்து போகாதா என்று கேட்டால், கிரிக்கெட்டில் போயிருக்கிறது. வெங்கட்ராகவனும் ஸ்ரீகாந்தும் கிண்டி பொறியியல் கல்லூரி மாணவர்கள், அஸ்வின் எஸ்.எஸ்.என். கல்லூரியில் தகவல் தொழில்நுட்பம் படித்தவர். ஆனால் கிரிக்கெட்டுக்குச் சென்னையில் பல டிவிஷன்கள் கொண்ட லீக் இருக்கிறது, கிளப் இருக்கிறது, ஆட்டக்காரருக்கு வேலை போட்டுக்கொடுத்த கம்பெனிகள் இருந்தன. கல்லூரி கைவிட்டாலும் பிடித்துக்கொள்ள வெளியே ஆள் உண்டு. 400 மீட்டர் ஓடுகிற பெண்ணுக்கோ குண்டு எறிகிற பையனுக்கோ அப்படி எதுவும் கிடையாது. கல்லூரிதான் அவர்களுக்குக் கிளப், லீக், கம்பெனி எல்லாம்.

இரண்டாவது பாதை கலை அறிவியல் கல்லூரிகளுடையது. ஏப்ரல், மே மாதங்களில் ‘செலக்‌ஷன்’ நடக்கும். கல்லூரி மைதானத்தின் வேப்பமர நிழலில் பெற்றோர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு ஃபைல். ஒவ்வொரு தாளும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில், குறுவட்டத்தில் ஆரம்பித்து மாநிலம்வரை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். உடற்கல்வி இயக்குநர் முதல் பத்துத் தாளைப் பார்க்காமலே தள்ளிவிட்டுக் கடைசியில் இருப்பதை மட்டும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். போலிச் சான்றிதழ்கள் நடமாடுவதால் வந்த பழக்கம் அது. பிறகு பிள்ளையை ஆடச் சொல்வார். பிடித்துவிட்டால் பேச்சு சுருக்கமாக முடியும்: ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டல், மெஸ் இலவசம், கிட் தருவோம். எதுவும் எழுத்தில் இருக்காது. பிள்ளையின் டி.சி.யும் மதிப்பெண் சான்றும் மட்டும் அன்றைக்கே வாங்கிவைக்கப்படும்.

இந்தக் கல்லூரிகளுக்கு நீண்ட மரபு உண்டு. ஹாரி க்ரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, ஆசியாவிலேயே அவ்வகையில் முதலாவதாகச் சொல்லப்படுவது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியோடு பயிற்சியாளராகப் போனவரும் அவர்தான். லயோலாவின் பெர்ட்ராம் நினைவுப் போட்டியும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஏ.எல். முதலியார் தடகளப் போட்டியும் தலைமுறைகளாகக் கல்லூரி வீரர்களின் அளவுகோல்கள். பெர்ட்ராம் டென்னிஸில் கல்லூரி மாணவர் மட்டுமே ஆடலாம் என்பது விதி. பள்ளிச் சிறுவனாக இருந்த ராமநாதன் கிருஷ்ணனுக்கு லயோலா முதல்வர் சிறப்பு அனுமதி தந்தார். 1951இல் அவர் கோப்பையையே தூக்கிக்கொண்டு போனார். பிறகு 1960லும் 61லும் விம்பிள்டன் அரையிறுதி. விதியைக் கொஞ்சம் தளர்த்தத் துணிந்த ஒரு முதல்வர் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று நம்மிடம் குறைவு.

சக்கிமங்கலம் முதல் டோக்கியோ வரை

ஒரு கல்லூரி இடம் என்ன செய்யும் என்பதை ரேவதி வீரமணியின் கதையில் தெளிவாகப் பார்க்கலாம். மதுரை மாவட்டம் சக்கிமங்கலத்துக்காரர். சிறு வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்தவர். பாட்டி ஆரம்மாள்தான் வயல் வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போய்ப் பேத்திகள் இருவரையும் வளர்த்தார். இரண்டு பெண்களையும் வேலைக்கு அனுப்பச் சொல்லி உறவினர்கள் வற்புறுத்தியும் கேட்காமல் பள்ளிக்கு அனுப்பினார். பள்ளிப் போட்டியொன்றில் வெறுங்காலோடு ஓடிய ரேவதியைக் கண்ணன் என்ற பயிற்சியாளர் பார்த்தார். பயிற்சிக்கு அனுப்பப் பாட்டிக்கு முதலில் மனமில்லை. தினம் பஸ்ஸுக்குக் காசு வேண்டும், பெண்பிள்ளை நேரங்கழித்துத் திரும்ப வேண்டும். கண்ணன் பேசிச் சம்மதிக்க வைத்தார்.

அதற்கு மேல் அவர் செய்த காரியம்தான் நமக்கு முக்கியம். மதுரை லேடி டோக் கல்லூரியில் ரேவதிக்குத் தமிழ் இலக்கியப் படிப்பில் இடமும் விடுதியும் கிடைக்க வழிசெய்தார். விடுதி கிடைத்ததும் பஸ் காசு, இருட்டு, சாப்பாடு என்ற மூன்று கவலையும் ஒரே நாளில் தீர்ந்தன. கல்லூரிப் போட்டிகளிலும் 2016 தேசிய ஜூனியர் போட்டியிலும்கூட அவர் வெறுங்காலோடுதான் ஓடினார். 2019இல் பாட்டியாலாவில் தேசிய முகாம்; 100, 200 மீட்டரிலிருந்து 400 மீட்டருக்கு மாற்றம். டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடிய இந்திய நால்வரில் ரேவதி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ் என மூவர் தமிழ்நாட்டுக்காரர்கள். அந்த அணி இறுதிக்குத் தகுதி பெறவில்லை. இதில் கல்லூரி செய்ததைப் பாருங்கள்: ஒரு இடம், ஒரு கட்டில், மூன்று வேளைச் சாப்பாடு. வெளிநாட்டுப் பயிற்சியாளரோ செயற்கை இழை ஓடுதளமோ அந்தக் கட்டத்தில் அவருக்குத் தேவைப்படவில்லை.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் கல்லூரி இடத்தின் பொருளே வேறு. பதினெட்டு வயதில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கும் வீடுகளில், ‘மகளிர் கல்லூரி, ஃபீஸ் இல்லை, ஹாஸ்டல் உண்டு’ என்பது தகப்பனார் மறுக்க முடியாத வாதம். அரைக்கால் சட்டை போட்டு ஆடுவதைப் பற்றித் தெருவில் பேசியவர்கள், பேத்திக்கோ மகளுக்கோ ரயில்வேயில் வேலை கிடைத்ததும் வாயடைத்துப் போவார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியின் துணைத் தலைவி கார்த்திகா, சென்னை கண்ணகி நகர்ப் பெண். நகரத்தின் மையத்திலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட மக்களின் குடியிருப்பு அது. தமிழ்நாடு அரசு 25 லட்சம் ரூபாய் தந்தது. அந்தப் பகுதியில் கபடி ஆடும் மற்றப் பெண்கள் எல்லோருக்கும் பஹ்ரைன் கிடைக்காது. கல்லூரி கிடைக்க வாய்ப்புண்டு. விளையாட்டு ஒதுக்கீட்டின் மிகப் பெரிய சாதனை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். எந்தப் பதக்கப் பட்டியலிலும் இது வராது.

உள்ளே போன பிறகு

இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் நடத்தும் போட்டிகள் பெரும்பாலும் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை. முதலில் கல்லூரிகளுக்கிடையே, பிறகு குழு ஆட்டங்களில் தென்மண்டலம், அதில் தேறினால் அகில இந்தியப் போட்டி. நவம்பரில் செமஸ்டர் தேர்வு. 75 விழுக்காடு வருகைப்பதிவு வேண்டும். போட்டிக்குப் போகும் நாட்களுக்கு ‘ஓ.டி.’ வாங்க உடற்கல்வி இயக்குநரின் கடிதத்தோடு துறைத்தலைவர் அறை வாசலில் நிற்க வேண்டும். ஓ.டி. வருகையைக் காப்பாற்றும், தவறிப்போன பாடத்தை யார் நடத்துவது? மறு தேர்வு வைக்கும் கல்லூரிகள் சில உண்டு. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் தேசிய, சர்வதேசப் போட்டிக்குப் போகும் மாணவருக்குத் தனித் தேதியில் தேர்வு எழுத வழி செய்திருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் அதையே செய்ய ஏன் கூடாது என்று கேட்டால், விதியில் இல்லை என்பார்கள்.

பாடத் தேர்விலும் ஓரவஞ்சனை உண்டு. வணிகவியலோ கணினி அறிவியலோ கேட்கும் பிள்ளையிடம், ‘பிராக்டிஸுக்கு டைம் கிடைக்காதும்மா, ஹிஸ்டரி எடுத்துக்கோ’ என்று சொல்லப்படும். வரலாறு படிப்பது கேவலமில்லை. ஆனால் இந்த யோசனை வரலாற்றின் மேலுள்ள மதிப்பினால் சொல்லப்படுவதில்லை. கோப்பை வாங்கித் தர வந்தவர், பட்டம் எப்படியாவது கிடைக்கட்டும் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. அடுத்த மே மாதம் வாயிலில் வைக்கப்படும் ஃப்ளெக்ஸில் அந்தப் பிள்ளையின் படம் இருக்கும். அதன் மதிப்பெண் பட்டியலைப் பற்றி யாரும் ஃப்ளெக்ஸ் வைப்பதில்லை.

எல்லாவற்றையும்விடக் கொடுமை காயம். கபடியில் முட்டி திரும்பும். கூடைப்பந்தில் குதித்து இறங்கும்போது லிகமென்ட் கிழியும். ஓட்டக்காரருக்குத் தொடைப் பின்தசை. ஸ்கேன் எடுக்கவே சில ஆயிரங்கள். அறுவை சிகிச்சை லட்சத்தைத் தொடும். ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆட முடியாது. வாய்மொழியாகத் தந்த இலவச இடத்தின் உண்மையான விலை அப்போதுதான் தெரியும். இரண்டாம் ஆண்டின் நடுவில் ஃபீஸ் கட்டச் சொல்லித் தகவல் வரும், அல்லது மெஸ் கணக்கில் பெயர் இருக்காது. சான்றிதழ்கள் கல்லூரி அலமாரியில். பிள்ளை ஊருக்கு வந்துவிடும். எத்தனை பேர் இப்படித் திரும்பினார்கள் என்று யாராவது கணக்கு எடுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

காயத்துக்குப் பயந்தும் டைமிங் குறையாத ஏக்கத்திலும் சிலர் ஊசியைத் தேடுகிறார்கள். 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டிக்கு ஊக்கமருந்துச் சோதனை அதிகாரிகள் வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் வீரர்கள் பலர் காணாமல் போனார்கள். ஆண்கள் 100 மீட்டர் இறுதிப் போட்டியில் ஒரே ஒருவர்தான் ஓடினார். அதைப் பார்த்துச் சிரித்தோம். ஒரு சான்றிதழ்மேல் இடம், வேலை, கல்யாணம், வீட்டுக் கடன் எல்லாவற்றையும் ஏற்றிவைத்தால் இருபது வயதுப் பிள்ளை அதற்கு எந்த விலையும் கொடுக்கத் துணியும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

மற்ற ஊர்களில்

பஞ்சாப், கர்நாடகம், கேரளம் ஆகிய மாநிலங்கள் வேறு பாடம் சொல்கின்றன. பல்கலைக்கழக விளையாட்டில் முதலிடத்துக்கு 1956-57 முதல் வழங்கப்படும் மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பையை அமிர்தசரஸ் குரு நானக் தேவ் பல்கலைக்கழகம் இருபது முறைக்கு மேல் வென்றிருக்கிறது. கர்நாடகத்தின் மூடபித்ரியில் ஆள்வாஸ் கல்லூரி பல மாநிலப் பிள்ளைகளைத் தத்தெடுத்துத் தடகளம் வளர்க்கிறது. 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் வெள்ளி வென்ற தருண் அய்யாசாமி திருப்பூர் மாவட்டத்துப் பையன், படித்தது அங்கே. ஒலிம்பிக்கில் வாள்வீசிய முதல் இந்தியரான பவானி தேவி வடசென்னைப் பள்ளியில் தொடங்கி, பயிற்சி மையம் இருந்த தலச்சேரிக்குப் போய் அங்கேயே பிரென்னன் கல்லூரியில் சேர்ந்தார். நல்ல பயிற்சியாளர் இருக்கும் ஊரில் கல்லூரி தேடிக்கொண்டார்கள் இவர்கள். நம் பெற்றோர் பெரும்பாலும் முதலில் கல்லூரியைத் தேடிவிட்டுப் பிறகு பயிற்சியாளர் யார் என்று கேட்கிறார்கள்.

பல்கலைக்கழகப் போட்டிகள் பெயருக்கு நடப்பவை என்று ஒதுக்கவும் முடியாது. நீரஜ் சோப்ரா முதன்முதலாக 80 மீட்டரைத் தாண்டி ஈட்டி எறிந்தது 2015 டிசம்பர் 31 அன்று, அகில இந்தியப் பல்கலைக்கழகத் தடகளப் போட்டியில்தான், 81.04 மீட்டர், வயது 18. 2020இல் கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டிகள் தொடங்கியபின் தொலைக்காட்சியும் பணமும் கொஞ்சம் வந்தன. 2023இல் செங்டுவில் நடந்த உலகப் பல்கலைக்கழகப் போட்டியில் இந்தியா 26 பதக்கங்கள் வென்றது. அடுத்த முறை, 2025இல் ஜெர்மனியில், பேட்மிண்டன் அணிக்குப் போன 12 பேரில் 6 பேர் குழுப் போட்டியில் ஆட முடியவில்லை. மேலாளர்கள் பெயர்களை முறையாகக் கொடுக்கவில்லை. கடிதம் அனுப்பாதது சென்னையில், பெயர் கொடுக்காதது ஜெர்மனியில். நட்டம் மட்டும் எங்கும் ஆடுகிறவருக்கே.

அமெரிக்காவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பொருளை முடிக்க முடியாது. கல்லூரி விளையாட்டு அங்கே பெருந்தொழில். 2025இல் ஏற்கப்பட்ட வழக்குத் தீர்வின்படி பெரிய பல்கலைக்கழகம் ஒவ்வொன்றும் தன் வீரர்களுக்கு முதல் ஆண்டில் 20.5 மில்லியன் டாலர்வரை நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம். சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008 இரு ஆண்டுகளும் கல்லூரி ஒற்றையர் பட்டம் வென்றார். தமிழ்க் குடும்பத்தில் பிறந்து டெல்லியில் வளர்ந்த தேஜஸ்வின் சங்கர் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக உயரம் தாண்டினார். கணக்கியல் படித்து டெலாய்ட்டில் வேலை பார்த்தார். 2022 காமன்வெல்த் வெண்கலமும் அடுத்த ஆண்டு ஆசியப் போட்டியில் டெக்கத்லான் வெள்ளியும் வென்றார். மதுரைக்காரர் தட்சிணேஸ்வர் சுரேஷ், 2025இல் அமெரிக்கக் கல்லூரி டென்னிஸ் பட்டம் வென்ற வேக் ஃபாரஸ்ட் அணியில் இருந்தவர். அதே ஆண்டு செப்டம்பரில் டேவிஸ் கோப்பையில் சுவிட்சர்லாந்தை அதன் மண்ணிலேயே வீழ்த்திய இந்திய அணியிலும் ஆடினார்.

நாம் பொறாமைப்பட வேண்டியது பணத்தைப் பார்த்தல்ல. அங்கே கல்லூரி விளையாட்டின் முதல் பிரிவில் ஆட வேண்டுமானால் பள்ளியில் 16 முக்கியப் பாடங்களை முடித்துக் குறைந்தபட்சச் சராசரி எடுத்திருக்க வேண்டும்; கல்லூரியிலும் தேர்ச்சி குறைந்தால் அணியில் இடமில்லை. வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் கட்டாயப் பயிற்சி கூடாது என்று எழுதிய விதி இருக்கிறது. விதி அடிக்கடி மீறப்படுவது உண்மை. ஆனால் மீறல் என்று சொல்ல ஒரு விதியாவது இருக்கிறது. அதே சமயம் அங்கும் உயர்நிலைப் பள்ளியில் ஆடும் நூறு பேரில் ஏழு பேர் அளவுக்குத்தான் கல்லூரி அணியை எட்டுகிறார்கள். முழு உதவித்தொகை அதிலும் சிறு பங்கு. ‘அமெரிக்காவில் ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறோம்’ என்று பணம் கேட்கும் ஏஜென்டுகள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

நம் ஊரில் பணம் அடியோடு இல்லை என்றும் சொல்ல முடியாது. கேலோ இந்தியாவில் தேர்வான பிள்ளைக்கு மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுக்கு வருகிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாடே நடத்திய கேலோ இந்தியா இளையோர் போட்டியில் 98 பதக்கங்களோடு இரண்டாம் இடம் பிடித்தோம். அரசு வேலையில் ஒதுக்கீடு 2 விழுக்காட்டிலிருந்து 3 ஆக உயர்ந்திருக்கிறது. இளையோரில் இரண்டாம் இடம் பிடிக்கும் மாநிலம் பெரியோர் போட்டிகளிலும் அப்படியே நிற்க வேண்டுமானால், இடையில் உள்ள பதினெட்டு முதல் இருபத்துமூன்று வயதுவரை யார் பொறுப்பு என்று முடிவுசெய்தாக வேண்டும். ஓட்டத்தில் 400 மீட்டர்க்காரரின் உச்சம் இருபதுகளின் நடுவில் வரும். எறிபவர்களுக்கு இன்னும் தாமதம். நம் பிள்ளைகளுக்கோ இருபத்தொரு வயதில் பட்டமளிப்பு விழாவோடு பயிற்சியாளர், விடுதி, சாப்பாடு மூன்றும் போய்விடுகின்றன. ரயில்வேயோ காவல் துறையோ ராணுவமோ எடுத்துக்கொண்டால் உண்டு.

அரசு செய்ய வேண்டியது பெரிய செலவில்லாதது. விளையாட்டு வழியாகச் சேர்த்த மாணவரைக் காயத்தைக் காரணம் காட்டி வெளியேற்றக் கூடாது என்று பல்கலைக்கழக விதியில் ஒரு வரி. போட்டிக்குப் போனவருக்கு மறு தேர்வு. அணியில் உள்ள ஒவ்வொருவருக்கும் விபத்துக் காப்பீடு. பொறியியலில் தரும் 500 இடங்களுக்கும் படிப்பு முடியும்வரை அவர்கள் ஆடுவதற்கு ஏற்பாடு. விதி வரும்வரை பெற்றோர் காத்திருக்க முடியாது. மே மாதம் செலக்‌ஷனுக்குப் பிள்ளையோடு போகிறவர்கள் கிட் என்ன நிறம் என்று கேட்காதீர்கள். முட்டி போனால் ஸ்கேனுக்கு யார் பணம், ஆட முடியாத வருஷம் இடம் இருக்குமா, பயிற்சியாளர் நிரந்தரமா, அசல் சான்றிதழை எப்போது திருப்பித் தருவீர்கள் என்று கேளுங்கள். பதிலைக் கல்லூரி முத்திரையோடு எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கிற கல்லூரியின் அலமாரியில் எத்தனை கோப்பை இருந்தாலும் அங்கே பிள்ளையைச் சேர்க்க வேண்டாம்.